ரூமுக்குள்ளே மழை!

சங்கரன்கோவில்காரர்கள் மழைக்காக அண்ணாந்து பார்த்தே கழுத்து சுளுக்கிக்கொண்டவர்கள். எங்கள் வீட்டு மொட்டை மாடியில் மட்டும் போன மார்கழி பூராவும் விடியற்காலை நாலு மணிக்கு மழை. அதுவும் ரூமுக்குள்ளே!

எல்லாம் லண்டன் மச்சினன் அனுப்பிய போட்டோவால் வந்த வினை. வீட்டுக்குப் பின்னால் கண்ணாடியிலேயே ஒரு ரூம், சுற்றிலும் பூந்தொட்டி, நடுவில் கையில் காபியோடு அவன். விடுவேனா? மொட்டை மாடியில் மூணு பக்கம் கண்ணாடி, மேலே தகர ஷீட், உள்ளே எட்டுத் தொட்டி பிச்சிப்பூ. (செலவைக் கேட்காதீர்கள். பி.காம். படித்தவன் செய்கிற காரியம் இல்லை.) பக்கத்து விசைத்தறிச் சத்தத்தில் தூக்கம் வராத அப்பா, கட்டிலை அங்கே மாற்றிக்கொண்டார்.

நாலாம் நாள் நெற்றியைத் துடைத்தபடி இறங்கி வந்தார்.

"ஏலே, ஷீட்டு ஒழுகுது."

"மழையே பெய்யலியேப்பா!"

"அப்ப நான் என்ன அழுதுகிட்டா கெடந்தேன்?"

ஷீட் போட்ட அண்ணாச்சி வந்தார். "இடுக்கு வழியா பனி எறங்குது தம்பி" என்று எல்லா இடுக்கிலும் சிலிகான் பசையை அப்பிவிட்டுப் போனார். அன்று ராத்திரி சொட்டு இரட்டிப்பாச்சு! ஒரே வாரத்தில் சுவர் மூலையில் கறுப்பாய்ப் பூசணம். அப்பாவுக்கு ஏற்கெனவே வீசிங். ஒரு ராத்திரி நாலு தடவை இன்ஹேலரை எடுத்தார். அதோடு எனக்கு விளையாட்டுப் போச்சு.

உட்கார்ந்து படித்தேன். தண்ணீர் வெளியிலிருந்து வரவே இல்லை சார்! காற்றுக்கும் பாங்க் மாதிரி ஒரு லிமிட் உண்டு. 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரியில் 17 கிராம்தான். சாயங்காலம் நான் செடிக்கு ஊற்றினது, சம்சாரம் கொடியில் போட்ட ஈரத்துணி, அப்பா விடுகிற மூச்சு... எல்லாம் காற்றின் கணக்கில் ஏறுகிறது. வானம் தெளிவாக இருக்கிற ராத்திரியில் தகரம் காற்றைவிடவும் குளிர்ந்துவிடும். அதைத் தொட்ட காற்றுக்கு லிமிட் கட். பாக்கி உடனே வசூல், சொட்டுச் சொட்டாக! ஈரம் வெளியேற இருந்த இடுக்கையும் காசு கொடுத்து அடைத்தவன் நான்.

1851-ல் லண்டனில் கிரிஸ்டல் பேலஸ் கட்டின ஜோசப் பாக்ஸ்டன் தொழிலில் தோட்டக்காரர். கண்ணாடி ரூம் சொட்டும் என்று அவருக்கு அத்துப்படி. கண்ணாடியைத் தாங்குகிற மரச் சட்டத்தில் மழைத் தண்ணீருக்கு மேலே ஒரு காடி, உள்சொட்டுக்குப் பக்கத்தில் தனிக் காடி என்று செதுக்கவைத்தார். நம்ம அண்ணாச்சிக்கு ஒரு டப்பா பசை!

பசையைச் சுரண்டினேன். ஷீட்டுக்குக் கீழே எதிரெதிராக இரண்டு வெண்டிலேட்டர், கொசுவலையோடு. செடிக்குத் தண்ணீர் காலையில் மட்டும். ஈரத்துணிக்குத் தடா. (இதற்குச் சம்சாரத்திடம் வாங்கிக்கட்டிக்கொண்டது தனிக்கதை.) பூசணத்தைச் சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவுகிற வரை அப்பாவை மேலே விடவில்லை. அவர் சும்மா இருப்பாரா? "ஷீட்டு மேல தென்னங்கீத்தைப் பரப்புல" என்றார். வானம் பார்க்காத தகரம் அவ்வளவாகக் குளிராது. அவர் பிசிக்ஸ் படித்ததே இல்லை!

இப்போது மறுபடி மேலேதான் படுக்கை. இருமல் தேவலை. என்றைக்காவது ரெண்டு சொட்டு விழுந்தால் கட்டிலை ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கொள்கிறார்.

மச்சினனிடம் போனில் கேட்டேன்: "உன் ரூம் சொட்டாதா?"

"சொட்டாமயா? குளிர்காலத்துல நாங்க அந்தப் பக்கமே போறதில்ல அத்தான். அது ஜூன் மாசம் எடுத்த போட்டோ!"