செங்கற்பட்டின் அமைதி

சென்னைக்குத் தெற்கே சுமார் 55 கிலோமீட்டரிலுள்ள செங்கற்பட்டில் குடியேறப் பலர் விரும்புவது வியப்பன்று. மின்சார ரயிலில் காலையில் பட்டணம் சென்று மாலையில் வீடு திரும்பலாம். நியாயஸ்தலமும், ஆஸ்பத்திரியும், 1965இல் ஸ்தாபிக்கப்பட்ட மருத்துவக் கல்லூரியும் ஊரிலேயே உள்ளன. ரயில் பாதையை ஒட்டிக் கொளவாய் ஏரி விரிந்து கிடக்கிறது. பட்டணத்தின் வசதி வேண்டும், அதன் இரைச்சல் வேண்டாம் என்போருக்கு வேறென்ன வேண்டும்?

ஆனால், இவ்வமைதி தானே நிலைத்து நிற்குமென எண்ணுவது பேதைமை. வேளச்சேரியும் ஒரு காலத்தில் ஏரியும் வயலும் சூழ்ந்த கிராமமே. ஜனங்கள் வந்து குவிந்தனர், ஏரி சுருங்கிற்று, அருகிலுள்ள பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமும் கட்டடங்களுக்கு இரையாயிற்று. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அங்கே தெருக்களில் படகு ஓடியதை மறந்தோமா? எஞ்சிய சதுப்புக்கு 2022இல் ராம்சர் அந்தஸ்து கிடைத்தது. இழந்த நிலமோ திரும்பவில்லை.

செங்கற்பட்டு 2019இல் தனி ஜில்லாவின் தலைநகராயிற்று. 2022இல் சர்க்கார் சென்னைப் பெருநகர் எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விஸ்தரித்தனர். இந்த ஜில்லாவின் பகுதிகளும் அதில் அடங்கும். விஸ்தரிப்பை நாம் ஆட்சேபிக்கவில்லை. திட்டமின்றி வீடுகள் பெருகுவதினும் திட்டம் நன்றே. எனினும், புதிய மனைகளுக்கு அனுமதி அளிக்குமுன் ஏரியின் எல்லையும் வரத்துக்கால்களும் அளந்து கல் நாட்டப்பட வேண்டும்; கழிவு நீர் ஏரியில் கலவாதிருக்க வழி செய்யப்பட வேண்டும். இதை நகரசபையிடம் வற்புறுத்துவது பழங்குடிகளின் கடமை மட்டுமன்று. அமைதியை நாடி வருவோரின் கடமையுமாகும். ஏரியை இழந்தால் செங்கற்பட்டு, பட்டணத்திற்குத் தொலைவிலுள்ள மற்றொரு வேளச்சேரியாகவே எஞ்சும்.