நோயாளியிடம் பேச நேரமில்லையா?

ஒரு நாள் கூலியை இழந்து, காலையிலேயே சீட்டு வாங்கி, கால் கடுக்க வரிசையில் நின்று, டாக்டர் எதிரே போய் உட்காருகிறான் கோவில்பத்துத் தொழிலாளி. அவன் வாய் திறப்பதற்குள் மருந்துச் சீட்டு எழுதி முடிந்துவிடுகிறது! என்ன நோய், எதற்கு இந்த மாத்திரை, எப்போது குணமாகும் - ஒன்றும் அவனுக்குத் தெரியாது. கேட்டால் எரிச்சல், கேட்காவிட்டால் அச்சம்.

இது டாக்டரின் குணக்கேடு என்று கூறி முடித்துவிட நாம் தயாராக இல்லை. பல நாடுகளை ஒப்பிட்டு 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, நோயாளி ஒருவருக்கு டாக்டர் தரும் நேரம் ஸ்வீடனில் இருபத்திரண்டரை நிமிடம். இந்தியாவிலோ ஏறத்தாழ இரண்டே நிமிடம்! இரண்டு நிமிடத்தில் நாடி பார்ப்பதா, நாலு வார்த்தை சொல்வதா? போதிய ஆள் போடாத சர்க்காரை விட்டுவிட்டு டாக்டரை மட்டும் ஏசுவது நியாயமாகாது.

ஆனால் நேரத்தைக் காட்டியே தப்பிவிடவும் முடியாது. வசதி மிகுந்த அமெரிக்காவிலேயே, நோயாளி பேசத் தொடங்கிய 18 விநாடியில் டாக்டர் குறுக்கிட்டுவிடுகிறார் என்று பெக்மன், ஃபிராங்கல் என்ற ஆய்வாளர்கள் 1984இல் எழுதினார்கள். பழக்கதோஷம்!

2022 செப்டம்பரில் நஞ்சு கலந்த பானத்தைக் குடித்த பள்ளி மாணவன் காரைக்கால் அரசு மருத்துவமனையில் உயிரிழந்ததை மறந்திருக்கமாட்டோம். சிகிச்சையில் அலட்சியம் என்று உறவினர் கொதித்தனர், பொருள்கள் உடைந்தன, விசாரணைக் குழு வந்தது, மருத்துவர் இருவர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டனர். சிகிச்சையின் குறையை ஆராய்வது குழுவின் வேலை. நாம் கேட்பது வேறு. உள்ளே உயிர் ஊசலாட, வெளியே தவித்து நிற்கும் தாய் தகப்பனிடம் மணிக்கொரு முறை வந்து நிலைமையைச் சொல்ல நம் ஆஸ்பத்திரிகளில் யார் இருக்கிறார்?

2024 நவம்பர் 13 அன்று சென்னை கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில், தாய்க்குச் சரியான சிகிச்சை தரவில்லை என்று கூறி, புற்றுநோய் மருத்துவரை மகன் கத்தியால் குத்தினான். எந்தக் காரணம் சொன்னாலும் கத்தியை நாம் ஏற்கமாட்டோம். டாக்டர் படுத்துவிட்டால் மறுநாள் வரிசையில் நின்று வெறுங்கையோடு திரும்புகிறவன் நம் ஆள்தானே!

கொதித்து வருபவனிடம் டாக்டர் என்ன செய்யலாம்? உட்காரச் சொல்லலாம். கொட்டித் தீர்க்கும்வரை குறுக்கிடாமல் கேட்கலாம். "இதுவரை உங்களுக்கு என்ன சொல்லியிருக்கிறார்கள்?" என்று விசாரித்துவிட்டு, தெரிந்ததைத் தெளிந்த தமிழில் சொல்லலாம். குணமாகாது என்றால் அதையும் மறைக்காமல் சொல்லி, அவன் அழுது ஓயும்வரை எழுந்து போகாமல் இருக்கலாம். "நான் சொன்னதை ஒருமுறை நீங்கள் சொல்லுங்கள்" என்று கேட்டால், காலை மாத்திரையை இரவில் விழுங்கும் குழப்பமும் வராது.

இவையெல்லாம் 2019 முதல் மருத்துவப் படிப்பில் பாடமாகவே இருக்கின்றன. காரைக்காலிலும் 2016 முதல் ஜிப்மர் கிளை இயங்குகிறது. பாடத்தில் ஏறியது, வரிசையில் நிற்பவனிடம் வந்து சேரவேண்டாமா?

புதுவை அரசு காரைக்காலுக்கு டாக்டர்களையும் செவிலியரையும் கூட்டித் தரட்டும். அவசரப் பிரிவின் வாயிலில், உறவினருக்கு நிலைமையை எடுத்துச் சொல்வதற்கென்றே இரவு பகலாக ஒருவரை நியமிக்கட்டும். கோவில்பத்துத் தோழர்கள் இந்தக் கோரிக்கையை மனுவாக எழுதி, வீடு வீடாகக் கையெழுத்து வாங்க இந்த வாரமே புறப்படவேண்டும்.