வெயிலுக்குப் பயந்து மலையேறும் அமெரிக்க 'ஆர்வி' வாசிகள்: குளிர்ச்சி, சிக்னல், தங்க அனுமதி மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்குமா?

அமெரிக்காவின் அரிசோனா மாகாணத் தலைநகர் பீனிக்ஸில் 2023 கோடையில் தொடர்ந்து 31 நாட்கள் வெயில் 110 டிகிரி பாரன்ஹீட்டை, அதாவது 43 டிகிரி செல்சியஸைத் தொட்டது. அந்த ஆண்டில் மட்டும் பீனிக்ஸ் அமைந்துள்ள மாரிகோபா கவுன்டியில் வெப்பம் தொடர்பான 645 மரணங்கள் பதிவாகின. அடுத்த ஆண்டு, 2024இல், தொடர்ந்து 113 நாட்கள் 100 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் கீழே பகல் வெப்பம் இறங்கவே இல்லை.

இந்த வெயிலில் தகரக் கூரை போட்ட ஒரு வண்டிக்குள் குடியிருக்க முடியுமா? முடியாது. அதனால்தான் ஒவ்வொரு கோடையிலும் 'ஆர்வி' வண்டிகள் மலைகளையும் கடலோரங்களையும் நோக்கிக் கிளம்புகின்றன. ஆனால் போன இடத்தில் இன்டர்நெட் வேண்டும், மாதக்கணக்கில் தங்க அனுமதியும் வேண்டும். சிக்கல் தொடங்குவது இங்கேதான்.

ஆர்வி என்றால் என்ன? யார் இதில் வாழ்கிறார்கள்?

நம்ம ஊரில் சினிமா ஷூட்டிங்கில் நடிகர்கள் பயன்படுத்தும் கேரவன் தெரியும் அல்லவா? கிட்டத்தட்ட அதேதான். படுக்கை, சமையலறை, கழிவறை எல்லாம் உள்ள வண்டி. சில வகைகளை நேரடியாக ஓட்டலாம், சிலவற்றை பிக்கப் டிரக்கில் கட்டி இழுக்க வேண்டும். அமெரிக்காவில் இதைத்தான் ஆர்வி என்கிறார்கள்.

இதில் மாதக்கணக்கில் இருப்பவர்களை மூன்று வகையாகப் பார்க்கலாம். ஓய்வுபெற்ற பிறகு ஊர் சுற்றுபவர்கள், லேப்டாப்பில் வேலை பார்த்துக்கொண்டே பயணம் செய்பவர்கள், வீட்டு வாடகை கட்ட முடியாமல் ஆர்வியையே வீடாக்கிக்கொண்டவர்கள். 2021இல் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வென்ற 'நோமேட்லேண்ட்' காட்டியது இந்த மூன்றாவது வகையினரைத்தான். முதல் இரண்டு வகையினருக்குக் கோடையில் இடம் மாறுவது விருப்பம். மூன்றாவது வகையினருக்கு அது உயிர்ப் பிரச்சினை.

ஏசி போட்டுக்கொண்டு இருந்த இடத்திலேயே இருக்க முடியாதா?

கணக்கு இடிக்கிறது. ஆர்வி கூரையில் இருக்கும் சாதாரண ஏசி ஓட சுமார் 1,500 வாட் மின்சாரம் வேண்டும். 12 வோல்ட், 100 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரி ஒன்றில் சுமார் 1,200 வாட்-அவர் மின்சாரம்தான் இருக்கும். அதாவது முழு சார்ஜில் இருக்கும் பேட்டரி ஒரு மணி நேரத்துக்குள் காலி. ஏசியை நாள் முழுக்க ஓட்ட வேண்டுமென்றால் ஜெனரேட்டர் வேண்டும், அல்லது கரன்ட் இணைப்பு தரும் ஆர்வி பார்க்கில் கட்டணம் கட்டி நிற்க வேண்டும்.

மற்ற வேலைகளுக்குக் கணக்கு வேறு. ஒரு லேப்டாப்பும் சிறிய ஸ்டார்லிங்க் டிஷ்ஷும் சேர்ந்து 80 வாட் அளவுதான் எடுக்கும். எட்டு மணி நேரம் வேலை பார்த்தாலும் 640 வாட்-அவர். கூரையில் இருக்கும் ஓரிரு சோலார் பேனல்களே இதை ஈடுகட்டிவிடும். எனவே கரன்ட் இணைப்பு இல்லாமல் தங்க நினைப்பவர்கள் குளிர்ச்சியை பேட்டரியில் தேட முடியாது, இடத்தில்தான் தேட வேண்டும்.

எங்கே குளிர்ச்சி கிடைக்கும்?

பொதுவாக ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் வெப்பநிலை சுமார் 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். பீனிக்ஸ் நகரம் சுமார் 330 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து வடக்கே இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக வண்டி ஓட்டினால் வரும் ஃபிளாக்ஸ்டாஃப் நகரம் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில், கிட்டத்தட்ட நம்ம கொடைக்கானல் உயரத்தில் இருக்கிறது. ஜூலை மாதப் பகல் வெப்பம் பீனிக்ஸில் சராசரியாக 41 டிகிரி, ஃபிளாக்ஸ்டாஃபில் 28 டிகிரி. அதே மாகாணம், அரை நாள் பயணம், 13 டிகிரி வித்தியாசம்.

உயரம் மட்டுமே வழி என்றில்லை. ஒரேகான் மாகாணத்தின் பசிபிக் கடற்கரையில் கோடைக் காற்று ஆழ்கடலின் குளிர்ந்த நீரை மேலே கொண்டு வருகிறது. அதனால் நியூபோர்ட் போன்ற ஊர்களில் ஜூலையில்கூடப் பகல் வெப்பம் 18, 19 டிகிரிதான். மின்னசோட்டாவின் டுலூத் நகரை சுப்பீரியர் ஏரி குளிரவைக்கிறது. அங்கே ஜூலைப் பகல் சராசரி 25 டிகிரியை ஒட்டியே இருக்கும்.

அப்போ எவ்வளவு உயரம் போகிறோமோ அவ்வளவு நல்லதா? அப்படியும் இல்லை. கொலராடோவின் லெட்வில் நகரம் 3,000 மீட்டரைத் தாண்டிய உயரத்தில் இருக்கிறது. அங்கே ஆக்சிஜன் குறைவு. தலைவலி, மூச்சுத் திணறல், தூக்கமின்மை வரலாம். இதய, நுரையீரல் பிரச்சினை உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்காமல் நேரே அங்கே போய் நிற்கக் கூடாது. ஜெனரேட்டரின் திறனும் உயரம் கூடக் கூடக் குறையும்.

குளிர்ச்சி இருக்கும் இடத்தில் சிக்னல் ஏன் இல்லை?

செல்போன் நிறுவனங்கள் மக்கள் அதிகம் இருக்கும் இடத்திலும் நெடுஞ்சாலை ஓரத்திலும்தான் டவர் வைக்கின்றன. குளிர்ச்சியான மலைக்காடுகளில் மக்கள் குறைவு, டவரும் குறைவு. டவர் இருந்தாலும் இடையில் ஒரு மலை முகடு வந்தால் சிக்னல் அடிபடும். வெரைசன், ஏடி அண்ட் டி, டி-மொபைல் என்று ஒன்றுக்கு இரண்டு நிறுவனங்களின் சிம் வைத்திருப்பது இதனால்தான் வழக்கமாகிவிட்டது.

2022இல் ஸ்டார்லிங்க் நிறுவனம் ஆர்விக்கென்றே தனி சாட்டிலைட் இன்டர்நெட் திட்டம் கொண்டுவந்த பிறகு நிலைமை பெரிதும் மாறியது. 2024இல் வந்த 'மினி' டிஷ் ஒரு பைக்குள் அடங்கிவிடும். டவரே இல்லாத பள்ளத்தாக்கிலும் வீடியோ மீட்டிங் பேச முடிகிறது.

ஆனால் இதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. டிஷ்ஷுக்கு மேலே வானம் திறந்திருக்க வேண்டும். உயரமான பைன் மரங்களுக்கு நடுவே வைத்தால் நிமிடத்துக்கு நிமிடம் இணைப்பு விட்டுவிட்டு வரும். சோலார் பேனலுக்கும் இதே கதை. மர நிழலில் வண்டியை நிறுத்தினால் உள்ளே குளுகுளுவென்று இருக்கும், இன்டர்நெட்டும் கரன்ட்டும் போய்விடும். வெட்டவெளியில் நிறுத்தினால் இரண்டும் கிடைக்கும், வண்டி சூடாகிவிடும். அதனால் அனுபவசாலிகள் நிழலை நம்பாமல் உயரத்தை நம்புகிறார்கள். 2,000 மீட்டருக்கு மேலே போய், மரங்களின் ஓரத்தில் இருக்கும் திறந்த புல்வெளியில் நிற்கிறார்கள்.

சட்டமே சிக்னலைக் கட்டுப்படுத்தும் இடமும் உண்டு. மேற்கு வர்ஜீனியா, வர்ஜீனியா மாகாணங்களில் சுமார் 34,000 சதுர கிலோமீட்டர் பரப்பு 1958 முதல் தேசிய ரேடியோ அமைதி மண்டலமாக இருக்கிறது. இதமான கோடை உள்ள மலைப்பகுதிதான். ஆனால் கிரீன் பேங்க் ரேடியோ தொலைநோக்கியைச் சுற்றி செல்போன் சிக்னல் கிடைப்பதே கஷ்டம். வேலை பார்ப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ளாமல் முன்பதிவு செய்தால் சிக்கல்தான்.

எத்தனை நாள் தங்கலாம்?

அமெரிக்காவில் தேசிய வனங்களிலும், பிஎல்எம் எனப்படும் மத்திய அரசின் நில மேலாண்மை அமைப்பின் நிலங்களிலும் பல இடங்களில் இலவசமாக வண்டியை நிறுத்தித் தங்கலாம். ஆனால் காலக்கெடு உண்டு. பொதுவாக 14 நாட்கள். ஃபிளாக்ஸ்டாஃபைச் சுற்றியுள்ள கோகோனினோ தேசிய வனத்தில் 30 நாட்களுக்குள் 14 நாட்கள்தான். பிறகு இடத்தைக் காலி செய்ய வேண்டும்.

இதில் ஒரு முரண் இருக்கிறது. குளிர்காலத்தில் அரிசோனாவின் குவார்ட்ஸைட் போன்ற பாலைவனப் பகுதிகளில் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை, ஏழு மாதங்கள் ஒரே பாஸில் தங்க பிஎல்எம் அமைப்பே அனுமதிக்கிறது. பனியில் இருந்து தப்பி வருபவர்களுக்கான ஏற்பாடு அது. வெயிலில் இருந்து தப்பி மலைக்குப் போகிறவர்களுக்கு அப்படி ஓர் ஏற்பாடு இல்லை. கோடையில் ஆபத்து அதிகமாகிக்கொண்டே போகிறது, விதிகள் மட்டும் பழைய கணக்கிலேயே இருக்கின்றன.

கட்டுப்பாடுகளும் இறுகிவருகின்றன. பொது இடங்களில் படுத்து உறங்குவதற்கு உள்ளூர் நிர்வாகங்கள் தண்டனை விதிக்கலாம் என்று 2024 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 'கிராண்ட்ஸ் பாஸ்' வழக்கில் தீர்ப்பளித்தது. 2025 மே மாதம் ஒரேகானின் பெண்ட் நகருக்கு அருகே டெஷூட்ஸ் தேசிய வனத்தின் ஒரு பகுதி, காட்டுத்தீ தடுப்புப் பணிகளுக்காக மூடப்பட்டது. அங்கே ஆர்வியிலும் கூடாரத்திலும் நீண்ட காலமாக வாழ்ந்தவர்கள் வெளியேற வேண்டியதாயிற்று. வனத்துறை சொல்லும் காரணமும் நிஜம், போக இடமில்லாதவர்களின் தவிப்பும் நிஜம்.

அப்படியானால் கோடை முழுக்க எப்படித் தங்குகிறார்கள்?

மூன்று வழிகள் நடைமுறையில் உள்ளன.

1. மாத வாடகை: தனியார் ஆர்வி பார்க்குகளில் நாள் கட்டணத்தைவிட மாதக் கட்டணம் கணக்குப் பார்த்தால் குறைவு. கரன்ட் பில்லைப் பல இடங்களில் தனியாக மீட்டர் பார்த்து வசூலிப்பார்கள். மலை ஊர்களில் கோடை இடங்கள் பல மாதங்களுக்கு முன்பே நிறைந்துவிடும்.

2. கேம்ப் ஹோஸ்ட்: அரசு முகாம்களில் தன்னார்வலராக வாரத்துக்குச் சில மணி நேரம் வேலை பார்த்தால், வண்டி நிறுத்த இலவச இடம் கிடைக்கும். பெரும்பாலும் கரன்ட், தண்ணீர் இணைப்பும் உண்டு.

3. சுற்றி வருவது: 14 நாள் ஓரிடம், அடுத்த 14 நாள் இன்னோரிடம். ஜூனில் 2,000 மீட்டர், வெயில் ஏறினால் 2,500 மீட்டர் என்று வண்டியை நகர்த்திக்கொண்டே இருப்பது. செலவு குறைவு, அலைச்சல் அதிகம். ஒவ்வொரு முறையும் சிக்னலைப் புதிதாகத் தேட வேண்டும்.

சிக்னல் இருந்தால் வேலை நடக்கும், அவ்வளவுதானே?

அவ்வளவுதான் என்று நினைப்பதில்தான் ஆபத்து. நியூ மெக்சிகோவின் ருயிடோசோ சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் உள்ள மலை ஊர். டெக்சஸ் வெயிலுக்குப் பயந்து மக்கள் தேடிப்போகும் இடம். 2024 ஜூனில் அங்கே பரவிய காட்டுத்தீயில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. எரிந்த மலை மழைநீரை உறிஞ்சாது. விளைவு, 2025 ஜூலையில் திடீர் வெள்ளம் வந்து மூன்று பேர் இறந்தனர்.

அதற்குச் சில நாட்கள் முன்பு, ஜூலை 4 அதிகாலையில், டெக்சஸின் குவாடலூப் ஆற்றில் வெள்ளம் பெருக்கெடுத்தது. அந்த வெள்ளப் பேரிடரில் 130க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஆற்றங்கரை ஆர்வி பார்க்குகளில் நின்ற வண்டிகளும் அடித்துச் செல்லப்பட்டன.

வெளியேறச் சொல்லும் எச்சரிக்கை போனுக்குத்தான் வருகிறது. இரவில் டிஷ்ஷை அணைத்துவிட்டு, டவர் இல்லாத இடத்தில் தூங்கினால் அந்த எச்சரிக்கை வந்து சேராது. எனவே, இணைப்பு என்பது ஆபீஸ் வேலைக்கான வசதி மட்டும் இல்லை. 'கிளம்பு' என்று சொல்லும் ஒரே குரலும் அதுதான். பேட்டரியில் ஓடும் நோவா வானிலை ரேடியோ ஒன்று கூடவே இருப்பது நல்லது. டி-மொபைல் 2025 ஜூலையில் தொடங்கிய சாட்டிலைட் சேவை போன்றவற்றில், டவர் இல்லாத இடத்திலும் மெசேஜ் அனுப்ப முடிகிறது.

அமெரிக்காவில் உள்ள தமிழர்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

வொர்க் ஃப்ரம் ஹோம்தானே, ஆர்வியில் இருந்தே பார்க்கலாம்னு நினைக்கும் ஐடி ஊழியர்கள் விசாவை மறந்துவிடக் கூடாது. எச்1பி விசாவில் வேலை பார்க்கும் இடம் முக்கியம். 2015இல் வந்த 'சிமியோ' முடிவின்படி, விண்ணப்பத்தில் குறிப்பிட்ட பெருநகரப் பகுதியைத் தாண்டி வேலை பார்க்கும் இடம் மாறினால், நிறுவனம் பொதுவாகத் திருத்திய மனு தாக்கல் செய்ய வேண்டும். குறுகிய கால வேலைக்கு, ஆண்டுக்கு 30 வேலை நாட்கள் போன்ற விலக்குகள் நிபந்தனைகளோடு உண்டு. கிளம்பும் முன் நிறுவனத்தின் வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்வதே பாதுகாப்பு. கேம்ப் ஹோஸ்ட் வேலைக்குக் கிடைக்கும் இலவச இடமும் சம்பளமாகக் கருதப்பட வாய்ப்புண்டு என்பதால், விசாவில் இருப்பவர்கள் அதில் இறங்கும் முன் யோசிக்க வேண்டும். மாகாணம் மாறினால் வருமான வரிக் கணக்கும் மாறலாம். ஊரில் இருந்து வந்த வயதான அம்மா அப்பாவை அழைத்துப் போகிறவர்கள் உயரத்தையும், பக்கத்து மருத்துவமனை எவ்வளவு தூரம் என்பதையும் முதலில் பார்க்க வேண்டும்.

முன்பதிவுக்கு முன் என்ன பார்க்கலாம்?

* ஊரின் பெயரை விட அதன் உயரத்தையும், ஜூலை மாதப் பகல், இரவு வெப்பநிலையையும் பாருங்கள்.
* செல்போன் நிறுவனத்தின் வரைபடத்தை மட்டும் நம்பாமல், அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசியின் வரைபடத்தோடு ஒப்பிடுங்கள்.
* அந்த வனத்தின் தங்கும் விதியையும், தீ காரணமாக மூடப்பட்ட பகுதிகளையும் வன அலுவலகத்தில் கேளுங்கள்.
* ஆற்றங்கரை, எரிந்த மலையின் அடிவாரம், ஒரே ஒரு பாதை மட்டும் உள்ள பள்ளத்தாக்கு ஆகியவற்றைத் தவிருங்கள்.

குளிர்ச்சி, சிக்னல், நீண்ட நாள் அனுமதி மூன்றும் சேர்ந்து கிடைக்கும் இடங்கள் உண்டு. ஆனால் அவை பெரும்பாலும் காசு கொடுத்து, மாதங்களுக்கு முன்பே பதிவு செய்ய வேண்டிய தனியார் பார்க்குகள்தான். கையில் காசு இருப்பவர் அங்கே போய்விடுவார். இல்லாதவர் 14 நாளைக்கு ஒருமுறை வண்டியை நகர்த்திக்கொண்டே இருப்பார். வண்டி பழுதாகிவிட்டாலோ, பெட்ரோலுக்குப் பணம் இல்லாவிட்டாலோ அவர் வெயிலிலேயே நிற்க வேண்டியதுதான். குளிர்காலத்துக்கு ஏழு மாத பாஸ் கொடுக்க முடிந்த அரசால், கோடைக்கும் மலையில் அப்படி ஓர் இடம் ஒதுக்க முடியாதா என்ற கேள்வி, ஒவ்வொரு ஜூலையிலும் இன்னும் அழுத்தமாக எழும்.