சொட்டுற ஷவருக்கு வாளி வைத்தால் போதுமா?



நம்ம பக்கத்தில் எத்தனையோ வீட்டு பாத்ரூமில் ஒரே காட்சிதான். வால்வைப் பூட்டினாலும் ஷவர் சொட்டும். கீழே ஒரு வாளி இருக்கும். கேட்டால், "ஊத்துத் தண்ணிதானே டீச்சர், பில்லா வரப்போகுது?" என்பார்கள். இந்தப் பேச்சோடுதான் எனக்குச் சண்டை.

பில் வராது, உண்மை. ஆனால் அந்த லைனில் நம்ம வீடு மட்டுமா இருக்கு? தண்ணி எப்போதும் பள்ளத்தைத்தான் தேடும். கீழ் வீடுகளில் ராத்திரி முழுக்க ஒழுகினால் பொதுத் தாங்கி நிரம்பாது. காலையில் மேட்டு வீட்டுக்காரர் பைப்பைத் திறந்தால் காற்றுத்தான் வரும். நம்ம ஊரில் மழைக்குப் பஞ்சமில்லை என்று நினைக்கிறோம். தை, மாசியில் ஊற்று மெலியும்போது அந்த மேட்டு வீட்டுப் பிள்ளைகள் முகம் கழுவாமல் பள்ளிக்கூடம் வருவதை நான் பார்க்கிறேன்.

ஒரு லீற்றர் போத்தலை ஷவருக்குக் கீழே வைத்து நேரம் பாருங்கள். ஒரு மணித்தியாலத்தில் நிரம்பினால் நாளுக்கு 24 லீற்றர், வருடத்துக்கு 8,760 லீற்றர். 500 லீற்றர் டேங்க் 17 தடவை நிரம்பும். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து தண்ணீரில் வுழூச் செய்ததாக ஹதீஸில் படிக்கிறோம். இரண்டு கை சேர்த்து அள்ளும் அளவு அது, முக்கால் லீற்றரைத் தாண்டாது. அந்தக் கணக்கில் ஒரு நாள் சொட்டியதில் 30 பேர் வுழூச் செய்துவிடலாம்.

சரி, ஏன் சொட்டுது? பழைய வால்வுக்குள் ஒரு றப்பர் வாசர் இருக்கும். கைப்பிடியைத் திருகும்போது அது பித்தளை இருக்கையில் அமர்ந்து தண்ணியை அடைக்கும். காலம் போக றப்பர் இறுகிவிடும். அப்போது நாம் செய்வது, இன்னும் பலமாகத் திருகுவது! மழை பெய்தால் ஊற்றுத் தண்ணியோடு பொடி மணலும் வரும். அதுவும் சேர்ந்து பித்தளையில் கோடு விழும். பிறகு அந்தக் கோட்டு வழியாகத் தண்ணி பாய்ந்து பாய்ந்து அதை இன்னும் ஆழமாக்கும். அந்த நிலைக்கு வந்த வால்வுக்கு நீங்கள் எத்தனை புது வாசர் போட்டாலும் ஒரு மாதம்தான்.

அதனால் முதலில் கழற்றி, விரலால் தடவிப் பாருங்கள். இருக்கை வழவழப்பாக இருந்தால் வாசர் மட்டும் போதும், வீண் செலவு வேண்டாம். கோடு தட்டுப்பட்டால், கைப்பிடி அடியிலும் தண்ணி கசிந்தால், முழு வால்வையும் மாற்றுங்கள். கால் சுற்றில் பூட்டும் செராமிக் வால்வ் நல்லதுதான். ஆனால் மணல் அதையும் கீறிவிடும், லைனில் ஒரு வடி இல்லாமல் அதைப் போட்டுப் பிரயோசனமில்லை. தாங்கி வீட்டுக்கு 40 மீற்றர் மேலே இருந்தால் குழாயில் கிட்டத்தட்ட 4 பார் அழுத்தம் இருக்கும். மலையில் இருக்கிற நாங்கள் ஹாட்வெயார் கடையில் விலையை மட்டும் கேட்டு வாங்கக் கூடாது, எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்றும் கேட்க வேண்டும்.

இன்னொரு விசயம். வேலைக்கு வந்த பாஸ் முதலில் கேட்பது, "மெயின் வால்வ் எங்கே?" பல வீட்டில் அது இல்லவே இல்லை. தாங்கியடிக்கு ஏறி முழு லைனையும் பூட்டி, பத்து வீட்டைக் காய வைத்துத்தான் வேலை நடக்கும். லக்சபானத் தண்ணியில் ஓடும் மின்நிலையம் நம்ம ஊரிலேயே இருக்கு. அங்கே டர்பைனில் கை வைக்க முன் தண்ணியை நிறுத்த வால்வ் இருக்கு. நம்ம பாத்ரூமுக்கு ஒன்று வைக்க என்ன தடை? ஷவர் வால்வை மாற்றும் அன்றே ஒரு கேட் வால்வையும் போட்டுவிடுங்கள். ஹீட்டர் இருந்தால் வேலை தொடங்க முன் மின்சாரத்தையும் நிறுத்துங்கள்.

சுவருக்குள் பதித்த வால்வ்தான் எனக்குப் பெரிய பயம். அது உள்ளே கசிந்தால் வெளியே தெரியாது. டைலுக்குப் பின்னால் ஈரம் ஏறும். நம்ம வீடுகளில் பாதி, மண்ணை வெட்டி அதில் முதுகைச் சாய்த்துக் கட்டியவை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா வந்தபோது மலைநாட்டில் மண் என்ன செய்தது என்று யாருக்கும் சொல்லித் தரத் தேவையில்லை. அது மழையால் வந்தது, வால்வால் அல்ல. ஆனால் நனைந்த மண் பாரமாகும், பிடிப்பு இழக்கும். வெட்டிய சரிவுக்கு நாமே வருடம் முழுக்கத் தண்ணி ஊட்டலாமா? சுவரில் காயாத ஈரத் தடம் இருந்தால் டைல் உடைகிற செலவைப் பார்க்காதீர்கள்.

இதெல்லாம் சொந்த பாத்ரூம் உள்ளவர்களுக்கு. லயத்தில் ஏழெட்டு வீட்டுக்கு ஒரு பொதுப் பைப். அதன் வாசர் தேய்ந்தால் தோட்டம் பார்க்கும் என்று நாம் இருப்போம், வீட்டுக்காரர் பார்ப்பார்கள் என்று தோட்டம் இருக்கும். அந்தச் சின்ன வாசர் வாங்க ஆளில்லாமல் மாதக்கணக்கில் தண்ணி கானில் ஓடும். வீட்டுக்கு ஒரு சின்னத் தொகை போட்டு, வாசரும் ஒரு ஸ்பேனரும் வாங்கி ஒருவர் பொறுப்பில் வைக்கலாம் என்பது என் கருத்து. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒருமுறை காட்டிக் கொடுத்தால் மாற்றிவிடும், ஆணோ பெண்ணோ.

உங்கள் லயத்தில் இதை யார் பார்க்கிறார்கள்? கமெண்டில் எழுதுங்கள். போத்தல் வைத்துப் பார்த்தவர்கள் எத்தனை நிமிடத்தில் நிரம்பியது என்றும் எழுதுங்கள், அந்தக் கணக்கை வைத்தே வகுப்பில் ஒரு பாடம் செய்யலாம் என்று இருக்கிறேன்.