திறவுகோல் யார் கையில்?

ஜவ்வாது மலைக்குச் செல்வோர் பலர் அருவியைக் கண்டு மகிழ்ந்து அன்றே திரும்புவர். யாம் சென்ற விடுமுறையில் ஜமுனாமரத்தூரை அடுத்த சிற்றூர் ஒன்றில் இரண்டு நாள் தங்கியிருந்தோம். ஆங்கு முதியவர் ஒருவர் எம்மை நோக்கி, "தம்பி, மூன்று வருஷத்துக்கு முன்னே சிலர் வந்து எங்கள் காட்டெல்லையும் தேன்பாறையும் கேட்டுப் பதிந்துகொண்டு போனார்கள். அது இப்போது எங்கே இருக்கிறது?" என்று வினவினார். யாம் விசாரித்தறிந்தவரை, பொருளுதவி முடிந்தவுடன் அப்பதிவுகள் இருந்த வலைத்தளமும் நின்றுபோயிற்று. ஊரார் கையில் ஒரு படியும் இல்லை. யாம் விடை கூற நாணினோம்.

அவ்வினா சிறிதன்று. என்னை? 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின்படி, காட்டில் வழிவழி வாழ்வோர் தம் நிலத்திற்கும் காடுபடு பொருள்களுக்கும் உரிமை கோரலாம். அதன் விதிகள் பழைய வரைபடங்களையும் அரசாங்கப் பதிவுகளையும் சான்றாகக் கொள்வதோடு, உரிமை கோருவோர் அல்லாத முதியோர் சொல்ல எழுதப்பெற்ற வாக்குமூலத்தையும் சான்றாக ஏற்கின்றன. ஆதலின் இம்மலைவாழ் மலையாளிப் பழங்குடியினர்க்கு அத்தகைய பதிவு வெறும் பழங்கதையன்று. உரிமைக்குத் துணையாகும் ஆவணமாம். முதியவர் மறைந்தபின் அதனை மீண்டும் பெறுவது எங்ஙனம்?

பெரிய நிலையங்களுக்கு இவ்விடர் குறைவு. இம்மலைமேல் காவலூரில் 1968-ல் தொடங்கிய வானாய்வுக் கூடத்தை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனம், தன் கொடைக்கானற் கூடத்தில் 1904 முதல் எடுக்கப்பெற்ற ஞாயிற்றின் ஒளிப்படத் தகடுகளைக் கணினிக்குரிய படிகளாக்கிக் காத்துள்ளது. மலையடிவாரத்துச் செங்கம் நடுகற்களைப் பற்றித் தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத் துறை 1972-ல் நூல் வெளியிட்டது. ஆனால் ஒரு கிராம சபைக்கோ, ஒரு சிறு நூல்நிலையத்திற்கோ, மழையளவும் மரக்கணக்கும் எடுக்கும் இளைஞர் குழுவிற்கோ இத்தகைய துணை யாண்டுளது?

இக்குறையை நீக்கவல்லது சிறிய தொழில்நுட்ப ஆலோசனை நிலையமே என்பது எம் கருத்து. நால்வர் ஐவர் கூடி, சுற்றுச்சூழற் பணி செய்வோர்க்கும் ஆவணம் காப்போர்க்கும் ஏற்ற மென்பொருளைத் தெரிந்து, நிறுவி, பயிற்றி, நேரிய ஊதியம் பெறுதலே அதன் தொழில். 'இதனாற் பிழைக்க இயலுமோ?' என்பார் உளர். கனடா நாட்டில் 2001-ல் தொடங்கிய ஆர்ட்டிஃபாக்சுவல் என்னும் நிறுவனத்தை நோக்குக. ஆவணப் பட்டியலுக்குரிய 'ஆக்சஸ் டு மெமரி' என்னும் மென்பொருளை எவரும் விலையின்றி எடுத்தாளவும் திருத்தவும் விடுத்து, நிறுவுதல், பேணுதல், பயிற்றுதல் ஆகிய உழைப்பிற்கே அது கூலி பெற்று வந்துள்ளது. பூட்டை விற்றுத் திறவுகோலைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும் வணிகம் அன்று அது.

ஈண்டே எம் வாதத்தின் உயிர்நிலை உள்ளது. ஆலோசகர் சென்றபின்னும் உடையவர் தம் பெட்டியைத் தாமே திறக்க இயலுமேல் அப்பணி நன்று. இயலாதேல் அஃது எத்துணை அழகியதாயினும் தீது. ஓலைக்குச் செல் பகை; கணினிப் பதிவிற்கோ வழக்கொழிந்த எழுத்துமுறை பகை. 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டத்தார் பழைய நூல்களைத் திஸ்கி முறையில் ஏற்றினர். பின்னர் யூனிகோடு வந்தபோது அதற்கு மாற்றினர். மாற்றுதற்கு ஆளும் வழியும் இருந்தமையால் அந்நூல்களை இன்றும் படிக்கின்றோம். மலையூர்ப் பதிவிற்கும் இவ்விரண்டும் வேண்டும்: எக்கணினியும் படிக்கத்தக்க பொதுவடிவம், அவ்வூரிலேயே பயிற்சி பெற்ற இருவர்.

அற்றேல், எல்லாவற்றையும் உலகறிய வெளியிடுதல் தகுமோ எனின், தகாது. தேன்பாறையின் இருப்பிடம் வெளிப்பட்டால் தேன் எஞ்சாது. மென்பொருள் பொதுவாதல் வேறு. ஊரார் செய்தி பொதுவாதல் வேறு. எதனைக் காட்டுவது, எதனை மறைப்பது என்பதை ஊர்ச் சபையே முடிவுசெய்தல் வேண்டும்.

தமிழ் பயிலும் நண்பர்காள்! இது கணிதம் கற்றார்க்கே உரிய தொழிலென்று ஒதுங்கற்க. ஓர் இடப்பெயர் பிறழின் எல்லையே பிறழும். முதியோர் வாய்ச்சொல்லைத் திரியாமற் கேட்டெழுதவும், பாடவேறுபாடுகளை ஒப்புநோக்கவும் நாம் இக்கல்லூரியிற் பழகுகின்றோம் அல்லமோ? கணினி வல்ல தோழர் ஒருவரோடு அப்பழக்கத்தைக் கூட்டினால், நிலையத்தின் முதல் இருவர் கிடைத்துவிட்டனர். என்றேனும் அம்முதியவரைக் கண்டு, "ஐயா, அது உங்கள் ஊரிலேயே இருக்கிறது, உங்கள் பேத்தி திறந்து காட்டுவாள்" என்று சொல்லும் நாளை யாம் விழைகின்றோம்.