ஓராண்டின் விலை: நீட் தேர்வும் இளநிலைப் பட்டமும்

தமிழ்நாடு சட்டமன்றம் 2021-இல் நிறைவேற்றிய நீட் விலக்கு மசோதாவுக்கு ஒப்புதல் மறுக்கப்பட்டுவிட்டதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் அவையில் அறிவித்தார். அரசியல் போராட்டம் தொடரத்தான் வேண்டும். ஆனால் வரும் மே மாதத்தில் தேர்வறைக்குள் நுழையவிருக்கும் தலித் மாணவருக்கு முன்னால் வேறொரு கேள்வி நிற்கிறது: முதல் முயற்சியில் இடம் கிடைக்காவிட்டால் அடுத்த ஆண்டை எங்கே கழிப்பது?

இக்கேள்வியின் கனத்தை நீதிபதி ஏ.கே. ராஜன் குழுவின் அறிக்கை காட்டியது. 2016-17-இல் மருத்துவ இடம் பெற்றவர்களுள் சுமார் 12 விழுக்காட்டினரே மீண்டும் முயன்றவர்கள். 2020-21-இல் அது 71 விழுக்காட்டைத் தாண்டியது. வருமானம் ஏதுமின்றி ஓராண்டோ ஈராண்டோ வீட்டில் இருக்க இயலுவதே இன்று எழுதப்படாத தகுதியாகிவிட்டது. கூலி வேலைக்குச் செல்லும் குடும்பம் பயிற்சி மையத்தின் கட்டணத்தைக் கடன் வாங்கியாவது கட்டலாம். உழைக்கும் வயதை எட்டிய பிள்ளையின் ஓராண்டை எங்கிருந்து கடன் வாங்கும்?

வட்டக்கோட்டையை ஒட்டிய ஊர்களில் இச்சிக்கலுக்கு இன்னொரு முடிச்சும் உண்டு. குமரி மாவட்டம் அரசு உதவி பெறும் பள்ளிகள் மிகுந்தது. 2020-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடோ அரசுப் பள்ளி மாணவர்களுக்கு உரியது. அதே தெருவில், அதே வறுமையில் வளர்ந்து, அருகிலிருந்த உதவி பெறும் பள்ளியில் சேர்ந்த பிள்ளைக்கு அது இல்லை. ஆறாம் வகுப்பில் பெற்றோர் எடுத்த முடிவு ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியின் கதவைத் தீர்மானிக்கிறது. எஞ்சியிருப்பது, அருந்ததியருக்கான 3 விழுக்காட்டையும் உள்ளடக்கிய 18 விழுக்காட்டு ஒதுக்கீட்டுக்குள் நடக்கும் போட்டி மட்டுமே. (இப்பகுதி 1956 வரை திருவிதாங்கூர், பின்னர் திரு-கொச்சி ஆட்சியில் இருந்தது. ஈழவர் என்பதால் அந்தத் திருவிதாங்கூரில் மருத்துவக் கல்வி மறுக்கப்பட்ட டாக்டர் பல்பு சென்னைக்குச் சென்று படித்தார். பட்டம் பெற்ற பின்னும் சொந்த நாட்டில் வேலை கிடைக்காமல் மைசூர் அரசில் பணியாற்றினார்.)

ஆகவே நம் பிள்ளைகளில் பலர் பட்டப்படிப்பில் சேர்ந்துகொண்டே நீட்டுக்கும் படிக்கிறார்கள். அமெரிக்காவில் இளநிலைப் பட்டமே மருத்துவக் கல்லூரிக்கான ஏணி. அங்கே பாடத்தேர்வு அதற்கெனவே திட்டமிடப்படுகிறது. இங்கே பட்டத்தின் மதிப்பெண் தரவரிசையில் ஒரு புள்ளியையும் கூட்டாது. ஆயினும் பாடத்தேர்வு பொருட்டன்று எனக் கருதுவது தவறு. நீட்டின் 720 மதிப்பெண்களில் 360 உயிரியலுக்கு உரியவை. விலங்கியலையோ தாவரவியலையோ முதன்மையாகவும் வேதியியலைத் துணைப்பாடமாகவும் கொண்டவர் ஆய்வகப் பழக்கத்தையும் கலைச்சொற்களையும் இழப்பதில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் படிக்காதவருக்கும் வழி அடைபடவில்லை: அதைக் கூடுதல் பாடமாகப் பின்னர் எழுதித் தேறினால் போதும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பரில் அறிவித்தது. வயது உச்சவரம்பும் இப்போது இல்லை.

இருப்பினும் கல்லூரிப் பாடமே நீட் பயிற்சி ஆகிவிடும் என எவரும் நம்ப வேண்டாம். நீட்டின் பாடத்திட்டம் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்குரியது. அந்த நூல்களைத் தனியே, நாள்தோறும் படித்தாக வேண்டும். இரண்டாம் பருவத் தேர்வும் மே முதல் ஞாயிறை ஒட்டி வரும் நீட்டும் ஏறத்தாழ ஒரே காலத்தில் நெருக்கும். எனவே முதல் பருவத்திலேயே நிலுவைத்தாள் விழாமல் பார்த்துக்கொள்வது அவசியம். மருத்துவ இடம் கிடைக்காமற்போனால் கையில் இருக்கப்போவது அந்தப் பட்டமே; அதை அரைகுறையாக விட்டவர்தான் இரண்டையும் இழக்கிறார்.

மற்றொன்று, சான்றிதழ். மாணவரின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்துவைக்கக் கூடாது எனப் பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் அறிவித்துள்ளது. இடம் கிடைத்த பிறகு, முழுப் படிப்புக்கும் கட்டணம் கட்டினால்தான் சான்றிதழ் தருவோம் என்று எந்த அலுவலகமாவது சொல்லுமாயின், இந்த அறிவிப்பைச் சுட்டி எழுத்து மூலம் கேட்க வேண்டும். கலந்தாய்வுக்குப் பின் கல்லூரியில் சேர அளிக்கப்படும் அவகாசம் சில நாட்களே. ஆகையால் சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ் ஆகியவற்றின் சான்றொப்பமிட்ட நகல்களைக் கல்லூரியில் சேரும் நாளிலேயே எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.