வெள்ளமும் வானொலியும்

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே வாழும் ஸ்ரீரங்கவாசிகளுக்கு வெள்ளம் புதிதன்று. 1977 நவம்பரில் திருச்சியும் மூழ்கிற்று. கோபுரத்துக்கு மின்சாரம் நின்றால் கைபேசி வெறும் பெட்டியே. திருச்சியில் 1939 முதல் வானொலி நிலையம் உண்டு. ஆனால் அது சொல்ல நாம் கேட்கலாமேயன்றி, கூரைமேல் நிற்பவன் திரும்பச் சொல்ல வழியில்லை.

2004 சுனாமியின்போது அந்தமானிலிருந்து செய்தி அனுப்பியவர்களில் அமெச்சூர் வானொலிக்காரர்களும் இருந்தனர். பாட்டரியும் ஏரியல் கம்பியும் இருந்தால் அவர்கள் பேசுவர். கைக்கருவி தனியே சில மைல்தான் எட்டும். உயரத்தில் ரிபீட்டர் அமைந்தால் ஆற்றின் இரு கரையும் பேசலாம். மலைக்கோட்டையுள்ள ஊரில் உயரத்துக்குப் பஞ்சமா?

லைசென்ஸுக்குப் பரீட்சை உண்டென்பது மெய். வார்டுக்கு இரு வாலிபரை அதற்குத் தயார்செய்யும் செலவை மாநகராட்சி ஏற்றல் வேண்டும். அதுவும் ஐப்பசி மழைக்கு முன்பே.